கண் குழியும் அச்சும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்மேற்கே, சீனன்குடாவுக்கு அப்பால், ஆழங்குறைந்த நீர்ப்பரப்பொன்று விரிந்து கிடக்கின்றது. தம்பலகாமக் குடா என்பது அதன் பெயர். கரையைக் கடந்து சென்றால் கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்கள். வயல்களின் நடுவே ஆதி கோணநாயகர் கோயில். நெல்லாலும் கோயிலாலும் பெயர்பெற்ற இவ்வூர், ஒரு காலத்தில் வேறொரு பொருளாலும் கடல்கடந்த ஆராய்ச்சியாளருக்கு அறிமுகமாகியிருந்தது. குடாவின் சேற்றில் வாழ்ந்த ஒருவகைத் தட்டைச் சிப்பியே அப்பொருள்.

அச்சிப்பியின் இரண்டு ஓடுகளும் மிகமிக மெல்லியவை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபுறத்து விரலின் நிழல் தெரியும். கண்ணாடி அரிதாயிருந்த நாளில் கோவாவிலும் பிலிப்பைன் தீவுகளிலும் இவ்வோட்டைச் சதுரமாக அறுத்துப் பலகணிகளிலே பதித்தனர். அதனுள்ளே விளைந்த முத்துகளோ மிகச் சிறியவை. அணிகலனுக்கு ஆகாவிடினும், நீற்றி மருந்துக்கும் சுண்ணத்துக்கும் பயன்படுத்தவென இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. கொழும்பிற் பிறந்த படை வைத்தியரும் இயற்கை ஆராய்ச்சியாளருமான எட்வேட் பிரெடெரிக் கெலார்ட், 1850களின் பிற்பகுதியில் திருகோணமலையிலிருந்து முத்துச் சிப்பிகளை ஆராய்ந்தபோது இதனையும் கருத்தில் கொண்டார். 1906 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹோர்னெல் என்பார் தம்பலகாமத்து முத்துக்குளிப்பைப் பற்றித் தனியே ஓர் அறிக்கை எழுதினார். சிப்பி தன் ஓட்டை ஒரே நாளிற் கட்டுவதில்லை. மென்படலத்தின்மேல் மென்படலமாக, அடுக்கின்மேல் அடுக்காக அதனை வளர்க்கின்றது. நேயர்கள் இதனை நினைவில் வைத்திருத்தல் நன்று, பின்னர் வேண்டியிருக்கும்.

மனிதத் தலையோடு ஒன்றை எடுத்து, கண் இருந்த குழிக்குள் ஒரு சிறு விளக்கை வைத்துப் பார்ப்போர் வியப்படைவர். குழியின் முன்விளிம்பு தடித்த, உறுதியான எலும்பு. ஆனால், உள்ளே செல்லச் செல்லச் சுவர் மெலிந்து, ஒளி அதனூடே கசிகின்றது. தம்பலகாமத்துச் சிப்பியோட்டை ஒத்த தோற்றம். மூக்கை அடுத்த உட்சுவருக்குக் ‘கடதாசித் தகடு’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரையே உடற்கூற்று நூலார் இட்டனர். அதன் தடிப்பு 0.2 முதல் 0.4 மில்லிமீற்றர் வரையே. கண்ணைத் தாங்கும் கீழ்த்தளம் சற்றுத் தடித்தது. ஆயினும் பல இடங்களில் அரை மில்லிமீற்றர் அளவினதே. ஏழு எலும்புகள் கூடி அமைத்த இச்சிற்றறையின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். அதில் விழிக்கோளம் பிடித்துக்கொள்வது 7 மில்லிலீற்றர் மட்டுமே. எஞ்சிய இடமெல்லாம் கொழுப்பும், விழியைத் திருப்பும் தசைகளும், நரம்புகளும், இரத்தக் குழாய்களும் ஆகும். கீழ்த்தளத்தின் அடியிலே இருப்பது வெறும் காற்று. மேல்தாடை எலும்பின் உட்குடைவு.

இத்துணை அரிய உறுப்பை இத்துணை மெல்லிய சுவருக்குள் இயற்கை ஏன் வைத்தது என்று ஒருவர் கேட்கலாம். சத்திரவைத்தியர் பலர் கூறும் விடை சுவையானது. அடி விழும்போது தளம் உடைந்து வழிவிடுவதால் அழுத்தம் தணிந்து, விழிக்கோளம் வெடிக்காமல் தப்புகின்றது என்பர். வீடு இடிந்தாலும் குடியிருப்பவன் பிழைத்தான் என்பது போன்ற ஏற்பாடு.

தம்பலகாமம் போன்ற ஊரொன்றில் இவ்வெலும்பு உடைவதற்கு வாய்ப்புகள் பல. மாட்டின் தலையசைவு, உழவு இயந்திரத்தின் கைப்பிடி, வீதியில் தடம்புரளும் மோட்டார் சைக்கிள், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் எல்லே மட்டையிலிருந்து பறந்துவரும் பந்து ஆகிய எதுவும் போதும். டெனிஸ் பந்தின் குறுக்களவு ஏறத்தாழ ஆறரைச் சென்றிமீற்றர். கண் குழியின் வாயிலோ நான்கு சென்றிமீற்றர் அளவு. பந்து உள்ளே நுழையாது; வாயிலை மூடி அமுக்கும். முதல் நாள் முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். வீக்கம் கண்டவர்கள் ஒத்தடம் கொடுத்துவிட்டு, வற்றினாற் சரியாகும் என்றிருப்பர். ஒரு கிழமை கழிந்து வீக்கம் வற்றியபின்னரே உண்மை தெரியவரும். ஒரு கண் மற்றதைவிட உள்ளே அமிழ்ந்திருக்கும். கன்னமும் மேலுதடும் மரத்திருக்கும். மேல்நோக்கிப் பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். வரம்பின்மேல் நடக்கும் உழவனுக்கு இரண்டு வரம்புகள் தோன்றினால் அவன் எதன்மேல் கால் வைப்பான்? தலை உயர்த்தித் தென்னை ஏறுபவனுக்கு, படகோட்டுபவனுக்கு, சாரதிக்கு இஃது அழகு பற்றிய குறை மட்டுமன்று. பிழைப்பையே பறிக்கும் குறை.

இந்நோயின் வரலாறு, காண முடியாத ஒன்றைக் காண முயன்றவர்களின் வரலாறாகும். 1889 ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துக் கண் வைத்தியர் வில்லியம் லாங், அடிபட்டபின் கண் உள்ளே அமிழ்ந்தும் பார்வை சற்றும் குறையாதிருந்த ஒருவரைப் பற்றி எழுதினார். விழிக்கு ஊறில்லை; முன்விளிம்பும் முறியவில்லை. பின் கண் எங்கே போயிற்று? குழியின் சுவரொன்று உடைந்து தாழ்ந்திருக்கவேண்டும் என அவர் ஊகித்தார். ஊகிப்பதன்றி வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. உயிரோடிருப்பவரின் முகத்துக்குள் எட்டிப்பார்க்கும் கருவி எதுவும் அன்று உலகில் இல்லை.

ஆறாண்டுகள் கழித்து, 1895 நவம்பரில், ஜேர்மனியில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். கை முறிந்தவர்க்கும் கால் முறிந்தவர்க்கும் அது வரமாயிற்று. கண் குழிக்கு அவ்வளவு உதவவில்லை. தலையின் எலும்புகள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படத்தில் நிழலாக விழுந்தால், அரை மில்லிமீற்றர் தகட்டில் உண்டான பிளவை யார் பிரித்தறிவர்? சாய்வான கோணங்களில் படம்பிடித்து ஓரளவு அறிந்தனர். எனினும், முன்விளிம்பு முறியாமல் உட்தளம் மட்டும் முறிவது எங்ஙனம் என்ற வினா நீண்டகாலம் தெளிவடையவில்லை.

அதற்கு விடைகாண முயன்றவர்கள் நியூயோர்க் நகரத்துப் பைரன் சிமித், வில்லியம் றீகன் என்னும் இருவர். அயர்லாந்தின் மட்டை விளையாட்டான ஹேர்லிங்கில் வழங்கும் தோற்பந்தினால் கண்ணில் அடிபட்ட ஒருவர் வந்தார். அவ்வடி எவ்வாறு வேலை செய்தது என்று அறிய அவர்கள் செய்தது எளிய சோதனை. இறந்தவர் ஒருவரின் மூடிய இமைமேல் அதே வகைப் பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்தனர். திறந்து பார்த்தபோது முன்விளிம்பு அப்படியே இருந்தது. கீழ்த்தளம் மட்டும் நொறுங்கியிருந்தது. 1957 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டபோது, உள்ளிருந்து வெளிநோக்கி வெடித்த முறிவு என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். இன்றும் வைத்திய உலகில் வழங்குவது அப்பெயரே. பிதுக்கப்பட்ட கண்ணின் அழுத்தம் தளத்தை உடைக்கின்றது என்பது அவர்கள் கொள்கை. அன்று, விளிம்பில் விழுந்த அடியின் அதிர்வே தளத்தை நெளித்து முறிக்கின்றது என்பார் ஒரு சாரார். 1970களில் ஜப்பானிய ஆய்வாளர் புஜினோ செய்த சோதனைகள் இவர்களுக்குத் துணையாயின. இரண்டுமே நிகழ்வன என்று கொள்வதே இன்றைய வழக்கு.

காரணம் தெரிந்தது, பரிகாரம்? கீழே சரிந்த கொழுப்பையும் தசையையும் மேலே எடுத்து, ஓட்டையை மூடி ஒரு தளம் இடவேண்டும். இடுப்பெலும்பிலிருந்தும் விலாவெலும்பிலிருந்தும் மண்டையோட்டிலிருந்தும் துண்டெடுத்து வைத்தனர். நோயாளிக்கு இன்னோரிடத்திலும் புண். வைத்த எலும்பும் காலப்போக்கில் கரைந்து சிறுத்தது. சிலிக்கோன் முதலிய செயற்கைத் தகடுகளை வைத்தனர். அவற்றுள் சில ஆண்டுகள் கழிந்தபின் இடம்பெயர்ந்து வெளியே தள்ளின. உடல் வெறுக்காத உலோகம் எது என்ற தேடலுக்கு விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. 1950களில் சுவீடனில் பிறானெமார்க் என்னும் ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்பிலே இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகப் பொருத்திய டைட்டேனியக் குழலை ஆராய்ச்சி முடிந்ததும் கழற்ற முயன்றார். அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டுவிட்டது. சிக்கனக்காரரான அவர் விலையுயர்ந்த குழலை மீட்க விரும்பியிராவிடின் இவ்வுண்மை இன்னும் சில காலம் மறைந்திருக்கக்கூடும். பின்னாளில் டைட்டேனியத்தை மெல்லிய வலைத்தகடாக்கிக் கண் குழியிலும் வைக்கலாயினர்.

ஆயினும் உண்மையான இடர் உலோகத்தில் இல்லை, வடிவத்தில் இருந்தது. கண் குழியின் தளம் மேசைப் பலகைபோல் தட்டையானது என்று எண்ணுதல் தவறு. விளிம்பிலிருந்து உள்ளே செல்லும்போது அது முதலில் சற்றுத் தாழ்கின்றது. பின்னர் விழிக்கோளத்துக்குப் பின்னால் மெல்ல மேலெழுந்து, மூக்குப் பக்கமாகப் புடைத்து நிற்கின்றது. விழியை முன்னே தள்ளி வைத்திருப்பது இப்புடைப்பே. தட்டையான தகட்டை இட்டவர், ஓட்டையை மூடினார், புடைப்பை மீட்கவில்லை. குழியின் கொள்ளளவு ஒரு மில்லிலீற்றர் கூடினால் கண் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் உள்ளே அமிழும். ஒரு மில்லிலீற்றர் என்பது ஒரு தேக்கரண்டியின் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் அமிழ்ந்தால் எதிரே நிற்பவர் கண்டுகொள்வர்.

இதனைச் சரிசெய்யும் வைத்தியரின் நிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். கீழிமையின் உட்புறத்தில் சிறியதொரு கீறல். அதன் வழியே கண்ணை மெல்ல உயர்த்தி, மூன்றரைச் சென்றிமீற்றர் ஆழத்திலே இருக்கும் உடையாத எலும்பு விளிம்பைத் தேடவேண்டும். தகட்டின் பின்னோரம் அவ்விளிம்பிலே அமரவேண்டும். அதற்கும் சில மில்லிமீற்றர் அப்பால் பார்வை நரம்பு. குருதி கசியும் அவ்வொடுங்கிய இடத்தில், கண்ணாற் காணாத வளைவுக்கு ஏற்பத் தகட்டை வளைக்கவேண்டும். வைத்துப் பார்ப்பார், பொருந்தாது. எடுத்து வெட்டுவார், மறுபடி வைப்பார். ஒவ்வொரு முறையும் மென்மையான தசைகள் உராய்ந்து வீங்கும். அனுபவம் முதிர்ந்த கை இதனை வென்றது. முதிராத கை தடுமாறியது.

தேவையானது யாது? உடலுக்குள் வைக்கவேண்டிய வடிவத்தை, உடலுக்கு வெளியே முன்கூட்டியே செய்து பார்க்கும் வழி. அதாவது, ஓர் அச்சு. தமிழில் இச்சொல் வண்டியின் அச்சையும் குறிக்கும், வெல்லம் வார்க்கும் அச்சையும் குறிக்கும், நூல் பதிக்கும் அச்சையும் குறிக்கும். பிற்காலத்து வைத்தியம் இம்மூன்றாவது பொருளில் தொடங்கி இரண்டாவது பொருளிலே போய் முடிந்தது என்பதைக் காண்போம்.

முன்மாதிரி செய்து பார்க்கும் எண்ணம் கீழைநாடுகளில் மிகப் பழையது. அறுபட்ட மூக்கை மீட்கும் முறையைக் கூறும் சுச்ருத சங்கிதை, மூக்கின் அளவுக்குக் கொடியின் இலையொன்றை நறுக்கி, அவ்வளவையே கன்னத்தில் வைத்துத் தோலை அறுக்கச் சொல்கின்றது. 1792 ஆம் ஆண்டின் மைசூர்ப் போரில், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர் திப்பு சுல்தானின் படையினரிடம் அகப்பட்டு மூக்கை இழந்தார். புனா அருகே செங்கல் சுடும் மரபினர் ஒருவர் அவருக்கு நெற்றித் தோலிலிருந்து புதிய மூக்கு அமைத்ததை ஆங்கில வைத்தியர் இருவர் நேரிற் கண்டனர். 1794 ஒக்டோபரில் இலண்டன் சஞ்சிகையொன்றில் அச்செய்தி வெளியாயிற்று. அவ்வைத்தியர் கத்தியைத் தொடுமுன் செய்தது என்ன? மெல்லிய மெழுகுத் தகட்டை முகத்தின்மேல் வைத்து நல்ல மூக்கொன்றை வடித்தார். பின்னர் அம்மெழுகைத் தட்டையாக விரித்து நெற்றியில் வைத்து, அதன் ஓரமாகக் கோடிட்டார். கோட்டின்படியே தோலை எடுத்தார். இலண்டனில் ஜோசப் காப்பியூ 1814இல் இம்முறையைக் கையாண்டபோது மேலைநாட்டில் மூக்கமைக்கும் கலைக்குப் புத்துயிர் பிறந்தது.

மெழுகில் முதலில் வடிவெடுப்பது தம்பலகாமத்தார்க்குப் புதிய செய்தி அன்று. போர்த்துக்கேயர் 1622 ஆம் ஆண்டில் திருக்கோணேச்சரத்தை இடித்தபோது அடியார்கள் திருமேனிகளை மறைத்துக் காத்தனர் என்பதும், தம்பலகாமத்துக் கோயில் அதன் வழியில் எழுந்தது என்பதும் அவ்வூர் மரபு. 1950இல் திருகோணமலையில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளைக் காண்போர், அவற்றின் விரல் நுனிகளின் நுட்பத்தில் மனத்தைப் பறிகொடுப்பர். அத்தகைய திருமேனிகளை உலோகத்திலே நேரே செதுக்குவதில்லை. மெழுகிலே உருவத்தை முற்றாக வடித்து, களிமண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். பிழை திருத்தும் வேலையெல்லாம் மெழுகிலேயே முடிந்துவிடும். சத்திரவைத்தியருக்கும் வேண்டியிருந்தது இவ்வசதியே. ஆனால், சிற்பி தன் உள்ளத்தில் கண்டதை வடிக்கலாம், வைத்தியர் நோயாளியின் எலும்பில் இருந்ததை அன்றோ வடிக்கவேண்டும்?

முதலாம் உலகப் போர் முகச் சத்திரசிகிச்சையைத் தனிக்கலையாக்கியது. நியூசிலாந்திற் பிறந்த ஹெரல்ட் கில்லீஸ், 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்தில் அமைந்த வைத்தியசாலையில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரருக்குப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் நிகழக் காரணமாயிருந்தார். அங்கே ஓவியரும் சிற்பிகளும் வைத்தியரோடு உடனிருந்து உழைத்தனர். காயமுற்ற முகங்களுக்குச் சாந்து அச்செடுத்து, அவற்றின்மேல் சிகிச்சையைத் திட்டமிட்டனர். சத்திரசிகிச்சையால் மீளாத முகங்களுக்கு, இலண்டனில் டேர்வென்ட் வூட் என்னும் சிற்பி மெல்லிய செப்பு முகமூடிகள் செய்தார். போருக்கு முன் எடுத்த நிழற்படத்தைப் பார்த்தே இழந்த பாகத்தை வடித்தார். கண் இழந்தவருக்கு முகமூடியிலேயே கண் தீட்டப்பட்டது. ஆனால், சாந்து அச்சு எடுப்பது தோலின் வெளிப்புறத்தையே. உயிருள்ளவரின் கண் குழிக்குள் சாந்தை ஊற்ற எவராலும் இயலாது.

அதனை இயலச் செய்த கருவி, வானொலி நேயர்கள் நன்கறிந்த ஒரு நிறுவனத்திலிருந்து வந்தது. நாய் இசைப்பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் சின்னத்தோடு இசைத்தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்தில், கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் பணிபுரிந்தார். பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு கதிர் மறுபுறம் வந்தது என்று அளந்தால், உள்ளே எவ்விடத்தில் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கணினியாற் கணித்துவிடலாம் என்பது அவர் கருத்து. முதல் ஆய்வுகூடக் கருவிக்கு ஒரு படம் எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. 1971 ஒக்டோபர் 1 ஆம் நாள் இலண்டனில் முதல் நோயாளியின் மூளை படமாகியது. அலன் கோமக்கோடு ஹவுன்ஸ்பீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிட்டியது. சி.ரி. ஸ்கான் என்று இன்று எளிதாகக் கூறப்படுவது இதுவே. தலை மெல்லிய துண்டங்களாக அறுக்கப்பட்டதுபோல் திரையில் தோன்றியது. லாங் ஊகித்ததை இனி எவரும் காணலாம்.

கண்டால் போதுமா? திரையிலுள்ள வளைவைக் கையால் தடவமுடியாது. அதன்மேல் தகட்டை வைத்து வளைக்க முடியாது. இங்கேதான் அடுத்த கண்டுபிடிப்பு வருகின்றது. கலிபோர்னியாவில், மேசைகளின் மேற்பூச்சைப் புறஊதாக் கதிரால் கெட்டியாக்கும் தொழிலகமொன்றில் பணிபுரிந்த சாள்ஸ் ஹல், அதே கதிரால் திரவப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் கோடு வரைந்து, வரைந்த இடம் மட்டும் கெட்டியாக, அதன்மேல் அடுத்த படலத்தைக் கெட்டியாக்கி, பொருளொன்றை அடுக்கடுக்காக எழுப்பினார். தம்பலகாமத்துச் சிப்பி சேற்றுக்குள் அமைதியாகச் செய்துவந்த வேலை இதுவே. 1983இல் அவர் முதலிற் செய்த பொருள் ஒரு சிறு கிண்ணம். கண் கழுவ உதவும் கிண்ணத்தை ஒத்தது. இக்கலை பின்னர் கண்ணுக்கே உதவப் போகின்றது என்பதை அன்று அவரும் அறிந்திலர். 1986இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு முன்னரே ஜப்பானின் நகோயா நகரில் ஹிதெயோ கொடாமா இதே வழியை 1981இல் எழுதி வெளியிட்டிருந்தார் என்பதையும் மறத்தல் கூடாது. காப்புரிமையை அவர் முடிவுவரை தொடரவில்லை, அதனால் பெயரும் அவரை அடையவில்லை.

துண்டங்களாக அறுத்துக் காட்டும் கருவியும், துண்டங்களை அடுக்கி உருவாக்கும் கருவியும் ஒன்றையொன்று சந்திக்கப் பல்லாண்டு ஆகவில்லை. 1990இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள், ஸ்கான் எண்களைக் கொண்டே எலும்பின் உருவை இம்முறையில் அமைத்துக் காட்டினர். அடுத்த பத்தாண்டுகளில் மண்டையோட்டு, முகச் சத்திரசிகிச்சையாளர் இதனை ஏற்றனர். கண் குழியைப் பொறுத்தமட்டில் ஒரு நற்பேறும் உண்டு: மனிதனுக்குக் கண் இரண்டு. உடைந்த குழி எவ்வாறிருந்தது என்று யாருக்கும் தெரியாவிடினும், உடையாத குழி அருகிலேயே இருக்கின்றது. அதனைக் கண்ணாடியிற் கண்டதுபோல் இடம்வலம் மாற்றினால், இழந்த வடிவம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். அதை அச்சிட்டு, அவ்வச்சின்மேல் டைட்டேனிய வலையை அமுக்கி வளைத்து, கிருமியகற்றி, ஆயத்தமாக எடுத்துச் செல்லலாம். ஜேர்மனியின் பிரைபேர்க் நகரத்துச் சத்திரவைத்தியர்கள் இவ்வாறு முன்கூட்டியே தகட்டை அமைக்கும் முறையை 2007இல் விரிவாக எழுதினர். நூலச்சு என்னும் பொருளில் தொடங்கிய சொல் வெல்ல அச்சுக்கு வந்து சேர்ந்தது இவ்விடத்திலே.

எனினும், இக்கருவிகளின் விலை செல்வந்த நாட்டு வைத்தியசாலைகளுக்கே எட்டுவதாயிருந்தது. அந்நிலையை மாற்றியது வைத்தியமன்று, சட்டம். பிளாஸ்டிக்கு இழையை உருக்கிப் படலமாகப் பிழியும் எளிய முறைக்கு அமெரிக்காவின் ஸ்கொட் கிறம்ப் 1989இல் விண்ணப்பித்துப் பெற்ற காப்புரிமை, 2009இல் முடிவடைந்தது. அதற்கு முன்னரே, 2005 முதல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து ஏட்ரியன் போயர், எவரும் செய்துகொள்ளத்தக்க அச்சுப்பொறியின் வரைபடங்களை இலவசமாக வழங்கிவந்தார். மேசைமேல் வைக்கத்தக்க மலிவான பொறிகள் உலகெங்கும் பரவின. அதே 2009இல் இலங்கையில் நீண்ட போரும் முடிவுக்கு வந்தது. வெடிச்சிதறல்களால் முகவெலும்பு குலைந்தவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் பலர் எஞ்சியிருந்தனர். இரண்டிற்கும் தொடர்பில்லை, ஆயினும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

மலிவு என்பதன் பொருளைச் சற்று விளக்குதல் வேண்டும். உடலில் வைக்கப்படும் தகட்டையே உலோகத்தில் அச்சிடுவோரும் உளர். அதற்குப் பெருந்தொழிலகம் வேண்டும், நாளும் பணமும் வேண்டும். எலும்பின் மாதிரியை மட்டும் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, வழக்கமான தகட்டை அதன்மேல் வளைப்பது வேறு. அதற்கு வேண்டுவன ஒரு ஸ்கான், ஒரு கணினி, சிறிய பொறி ஒன்று, சில மணி நேரம், சிறிதளவு பிளாஸ்டிக்கு இழை ஆகியனவே. ஸ்கான் என்பது எண்களின் தொகுதியாதலால் நோயாளி போகுமுன்னரே அது போய்ச்சேரும். தம்பலகாமத்திலிருந்து கொழும்புக்கு வீதிவழியே நெடுந்தூரம். எண்களுக்கோ அத்தூரம் ஒரு பொருட்டன்று. வறியவர் வாழும் மாவட்டங்களுக்கு இவ்விரண்டாம் வழியே உகந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால், பொறியை நம்பி அறிவை அடகுவைத்தல் ஆபத்து. ஸ்கானின் துண்டம் ஒரு மில்லிமீற்றர் தடிப்புடையதாயின், அதனுள் அகப்பட்ட 0.3 மில்லிமீற்றர் எலும்பைக் கருவி எவ்வாறு கணிக்கும்? எலும்பும் அருகிலுள்ள காற்றும் கலந்த சராசரியையே கணிக்கும்; ‘இங்கே எலும்பில்லை’ என்று முடிவு கட்டும். அதன்படி அச்சிட்டால், உடையாத நல்ல குழியிலும் பெரிய ஓட்டைகள் தோன்றும். சுவரின் மென்மை அன்று எக்ஸ் கதிரை ஏமாற்றியது. இன்று அச்சுப்பொறியையும் ஏமாற்றுகின்றது. ஆதலால் துண்டங்களை மிக மெல்லியனவாக எடுத்தல் வேண்டும். எஞ்சிய ஓட்டைகளை உடற்கூறு அறிந்தவர் அமர்ந்து கணினியிலே அடைத்தல் வேண்டும். மனிதமுகத்தின் இருபக்கங்களும் முற்றும் ஒத்தவையல்ல என்பதையும் நோக்கவேண்டும். இரண்டு குழிகளும் உடைந்தவருக்குக் கண்ணாடி முறை உதவாது. அவர்க்குப் பலருடைய அளவுகளிலிருந்து பெற்ற சராசரி வடிவமே கதி.

சிறுவர்களின் செய்தி தனியானது. குழந்தையின் எலும்பு காய்ந்த சுள்ளிபோல் முறிவதில்லை. பச்சைக் கம்புபோல் வளைந்து, திறந்து, உடனே மூடிக்கொள்ளும். அக்கதவிடுக்கில் கண்தசை அகப்பட்டுவிடும். வெளியே வீக்கமோ சிவப்போ அதிகம் இராது. பிள்ளை மேலே பார்க்க மறுக்கும், வாந்தி எடுக்கும், நாடித்துடிப்புக் குறையும். தலையில் அடிபட்டதால் வாந்தி என்று எண்ணி மயங்கினோர் உண்டு. நசுங்கிய தசை இரத்தமின்றி இறந்துபோகுமாதலால், ஒன்றிரண்டு நாளுக்குள் அதனை விடுவிக்கவேண்டும். இங்கே அச்சுப்பொறிக்காகக் காத்திருத்தல் தகாது. பந்து பட்டபின் மேலே பார்க்க முடியாமல் வாந்தி எடுக்கும் பிள்ளையை, கண் வெளித்தோற்றத்தில் நன்றாயிருக்கின்றது என்று வீட்டில் வைத்திருக்கலாகாது என்பதைத் தாய்மார் அறிந்திருப்பது எந்தக் கருவியிலும் பெரியது.

வளர்ந்தோர்க்கோ காலம் உண்டு. வீக்கம் வற்றும்வரை ஒன்றிரண்டு கிழமை பொறுத்திருந்து சத்திரசிகிச்சை செய்வது வழக்கம். அச்செடுப்பதற்கு அவ்விடைவேளை தாராளமாகப் போதும். உரிய நாளில் இமையின் உட்புறம் திறக்கப்படுகின்றது. சரிந்த கொழுப்பு மெல்ல உயர்த்தப்படுகின்றது. முன்னரே வளைத்த வலைத்தகடு உள்ளே சென்று, பின் விளிம்பில் அமர்கின்றது. முன்னே இரண்டு சிறு திருகாணிகள். அச்சிட்ட மாதிரி அருகிலே மேசைமேல் இருக்கின்றது. ஐயம் எழும்போது வைத்தியர் அதனைத் திரும்பிப் பார்க்கின்றார். கீறலை மூடுமுன், மெல்லிய இடுக்கியால் விழியின் வெண்படலத்தைப் பிடித்து மேலும் கீழும் மெதுவாக அசைக்கின்றார். தகட்டின் ஓரத்தில் தசை எங்கேனும் அகப்பட்டிருந்தால் கை தடைபடும். தடையில்லையெனில் கீறல் மூடப்படும். அன்றிரவு முழுவதும் தாதி மணிக்கொருமுறை வந்து, சிறு விளக்கைக் கண்ணெதிரே பிடித்து, வெளிச்சம் தெரிகின்றதா, விளக்கு ஒன்றா இரண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்.